உரசலில் பிறக்கும் வாயு

"வயலில் இறங்கி வேலை செய்கிற உடம்புக்கு வாக்கிங் எதற்கு?" புதுச்சேரியின் பாகூர் கொம்யூனிலோ வில்லியனூர் கொம்யூனிலோ நடைப்பயிற்சி என்று பேச்செடுத்தால் இந்தக் கேள்வி எங்கிருந்தாவது வந்து விழும். காலையில் ஷூ மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடப்பது டவுன்காரர்கள் சமாசாரம், அவர்களுக்கு வயல் இல்லை, அதனால் நடக்கிறார்கள் என்பது இதன் உட்பொருள். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. நாற்றுக்கட்டைத் தலையில் வைத்து வரப்பு வரப்பாக நடந்த தலைமுறைக்கு யாரும் நடைப்பயிற்சி சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த பாகூரில் இன்று உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு இயந்திரம், வயலுக்குப் போய்வர பைக், தண்ணீர் பாய்ச்ச மோட்டார் சுவிட்ச். வில்லியனூர்ப் பக்கம் விவசாயத்தை விட்டுச் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குப் போகிறவர் ஒரே இடத்தில் ஷிப்டு முழுக்க நின்றுவிட்டு வருகிறார். களைப்பு என்னவோ அப்படியே இருக்கிறது. கூடவே சுகரும் பி.பி.யும் வந்து சேர்ந்திருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. மாநிலவாரியான பட்டியலில் 26.4 சதவீதத்தோடு கோவா முதலிடம், 26.3 சதவீதத்தோடு புதுச்சேரி அடுத்த இடம். இது நகரமும் கிராமமும் சேர்ந்த கணக்கு. அதற்காக கொம்யூன்கள் இதற்கு வெளியே நிற்கின்றன என்று எடுத்துக்கொள்ள முடியாது. உடம்பு களைப்பது ஒரு காரியம், உடம்புக்குள் ரத்தம் தடதடவென்று ஓடுவது இன்னொரு காரியம். முன்பு இரண்டும் ஒன்றாகவே நடந்ததால் பிரித்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. இப்போது பிரிந்துவிட்டன. இந்தப் பிரிவினால் உடம்பு இழப்பது என்ன என்று பார்த்தால், ஒரு சின்ன வாயுவில் போய் முடிகிறது.

அந்த வாயு நைட்ரிக் ஆக்சைடு. ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். வண்டிப் புகையில் வருவதும் இதுவே. அதனாலேயே நெடுங்காலம் இதை மாசு என்று மட்டுமே வேதியியலாளர்கள் நினைத்திருந்தார்கள். இது உடம்புக்குள்ளேயே உற்பத்தியாகிறது என்ற கண்டுபிடிப்புக்குப் பின்னால் ஒரு கைத்தவறு இருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்ற பொருளை விட்டுப் பார்த்துவந்தார். உயிருள்ள உடம்பில் குழாயை விரித்துவிடும் அந்தப் பொருள், அவருடைய மேசைமேல் குழாயைச் சுருங்கவைத்தது. வருஷக்கணக்காக நீடித்த இந்த முரண் 1978இல் உடைந்தது. உதவியாளர் செய்முறையில் ஏதோ ஒன்றை மாற்றிச் செய்ய, அன்றைக்குக் குழாய் விரிந்தது. தோண்டித் துருவியபோது காரணம் தெரிந்தது. அதுவரை துண்டுகளை வெட்டித் தயார் செய்யும்போது குழாயின் உள்பக்கம் தேய்ந்து, அங்கே ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் மெல்லிய செல்படலம் உரிந்துபோயிருந்தது. படலம் இருந்தால் குழாய் விரியும், உரிந்தால் சுருங்கும். ஆக, விரியச் சொல்லும் சேதி அந்தப் படலத்திலிருந்துதான் வருகிறது. 1980இல் இதை வெளியிட்டார்கள், ஆனால் சேதி கொண்டுபோகும் பொருள் எது என்று அப்போது பிடிபடவில்லை. நைட்ரோகிளிசரின் மருந்து உடம்பில் நைட்ரிக் ஆக்சைடை விடுவித்துத்தான் குழாயைத் தளர்த்துகிறது என்று ஃபெரிட் முராட் 1977லேயே காட்டியிருந்தார். இரண்டு நூலும் 1987இல் முடிச்சிடப்பட்டன. படலம் அனுப்பும் பொருளும் அதே வாயுதான் என்று இங்கிலாந்தில் சால்வடோர் மொன்காடாவின் குழுவும் அமெரிக்காவில் லூயிஸ் இக்னாரோவும் நிறுவினார்கள். 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மொன்காடா விடுபட்டது பற்றி இன்னும் முணுமுணுப்பு உண்டு. நைட்ரோகிளிசரினை டைனமைட்டாக்கிச் செல்வம் சேர்த்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதய வலிக்கு அதே பொருளை மருந்தாக எழுதித் தந்தார்கள் என்பது தனி வேடிக்கை. நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லும் சார்பிட்ரேட் மாத்திரையும் இதே குடும்பம். நெருக்கடியில் வெளியிலிருந்து நாம் கொடுக்கும் அதே சேதியை, ஆரோக்கியமான குழாய் யாரும் கேட்காமலேயே தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறது.

எப்போது சொல்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தென்பெண்ணைத் தண்ணீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் இழுத்து ஓடுகிற இடத்தில் வண்டல் தங்காது. வளைவிலும், கிளை பிரிகிற இடத்திலும், ஓட்டம் தளர்ந்து சுழிக்கிற மூலையிலும்தான் படியும். ரத்தக்குழாயிலும் கொழுப்புப் படிவு கண்டபடி வருவதில்லை. வளைவுகளிலும் கவைபிரியும் இடங்களிலும், ரத்தம் சீராக ஓடாமல் முன்னும் பின்னும் தள்ளாடுகிற இடங்களிலும்தான் முதலில் பிடிக்கிறது. உவமை இதற்கு மேல் செல்லாது. வாய்க்கால் கரைக்குத் தண்ணீர் ஓடுவது தெரியாது, குழாயின் கரைக்குத் தெரியும். ரத்தம் உரசிக்கொண்டு போவதை உள்படலச் செல்கள் தங்கள் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய உணரிகளால் அளக்கின்றன. இழுபட்டால் திறந்துகொள்ளும் பீஸோ என்ற வாயில்கள் அவற்றில் ஒரு வகை. அதைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியன் 2021இல் நோபல் பெற்றார். உரசல் கூடியதும் செல்லுக்குள் ஒரு நொதி முடுக்கப்பட்டு, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உருவாக்குகிறது. அது பக்கத்திலிருக்கும் தசைச் செல்லுக்குள் கசிந்து தளரச் சொல்கிறது. குழாய் விரிகிறது. ரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமலும், அழற்சிக்கு வரும் வெள்ளணுக்கள் அங்கே கூடாரமடிக்காமலும் பார்த்துக்கொள்வதும் இதே வாயுதான். பிறந்த சில நொடிகளில் மறைந்துவிடும். ரத்தத்தில் கலந்தால் ஹீமோகுளோபின் அதை விழுங்கிவிடும். ஆகையால் இதைச் சேமித்துவைக்க முடியாது. ரத்தம் ஓடுகிறவரை பிறந்துகொண்டே இருக்கும், வேகமாக ஓடினால் அதிகம் பிறக்கும். சும்மா இருக்கையில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. விரைந்து நடந்தால் அது இரண்டு மடங்கை நெருங்கும், ஓடினால் மூன்று நான்கு மடங்கும் ஆகும். உடற்பயிற்சி என்று நாம் பெயர் வைத்திருப்பது, குழாயின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு மணி நேர வெள்ளம்.

இது வெறும் தர்க்கமாக நின்றுவிடவில்லை. 1994இல் நாய்களைப் பத்து நாள் ஓடவைத்துப் பார்த்தபோது, இதயக் குழாய்களில் இந்த நொதியின் மரபணு கூடுதலாக வேலை செய்வது தெரிந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ரெய்னர் ஹாம்பிரெக்ட் இதை மனிதர்களில் காட்டினார். இதயக் குழாய் நோயாளிகளுக்கு அசிட்டைல்கோலின் கொடுத்தால் விரியவேண்டிய குழாய் எதிர்மாறாகச் சுருங்கும். உள்படலம் கெட்டுப்போனதற்கு அதுவே அடையாளம், புரூக்ளின் மேசையில் உரிந்த படலம் செய்த அதே காரியம். நான்கு வாரப் பயிற்சிக்குப் பிறகு இந்தச் சுருக்கம் பாதிக்கு மேல் குறைந்ததென்று 2000இல் அவர் எழுதினார். 2003இல் இன்னும் ஒரு படி போனார். பைபாஸ் அறுவைக்குக் காத்திருந்தவர்களில் ஒரு பகுதியினரைப் பயிற்சி செய்யவைத்து, அறுவையின்போது எடுத்த குழாய்த் துண்டைச் சோதித்தார். பயிற்சி செய்தவர்களின் துண்டில் அந்த நொதி இரண்டு மடங்கும், அதன் முடுக்கப்பட்ட வடிவம் நான்கு மடங்கும் இருந்தன. ஆனால் என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட அழகான சோதனை, லிவர்பூலில் ஒரே உடம்பின் இரண்டு கைகளை வைத்துச் செய்ததுதான். இரு கைகளுக்கும் ஒரே பயிற்சி, எட்டு வாரம். ஒரு கையில் மட்டும் பி.பி. பார்க்கும் பட்டையைக் கட்டி, கொஞ்சம் காற்றேற்றி, பயிற்சியின்போது ரத்த ஓட்டம் கூடாமல் பார்த்துக்கொண்டார்கள். இரு கைத்தசையும் ஒரே அளவு உழைத்தன. கட்டில்லாத கையின் குழாய்க்குச் சில வாரங்களிலேயே விரியும் திறன் கூடியது, கட்டிய கையில் மாற்றமில்லை. உழைப்பு ஒன்றுதான், ஓட்டம் வேறு, பலனும் வேறு. பாகூர்க்காரரின் கேள்விக்கு விடை இந்தப் பட்டைக்குள்தான் இருக்கிறது.

அந்த விடைக்குப் போகுமுன் புதுச்சேரியிலேயே நடந்த ஒரு சோதனையைப் பார்த்துவிடலாம். ஜிப்மரின் சமூக மருத்துவத் துறையினர், டவுனின் வடக்கே கடலோரத்தில் இருக்கும் குருசுக்குப்பத்தில், 20 முதல் 25 வயதுக்குள் இருந்த, ரத்த அழுத்தம் ஏற்கெனவே எல்லையைத் தொட்ட அல்லது தாண்டிய 113 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு 50–60 நிமிடம் விரைந்து நடந்தது, வாரத்தில் மூன்று நான்கு நாள். ஒரு குழு உப்பைப் பாதியாகக் குறைத்தது. ஒரு குழு யோகா செய்தது. மீதி ஒரு குழு எதையும் மாற்றவில்லை. எட்டு வாரம் கழித்து, நடந்தவர்களுக்கு மேல் அழுத்தம் 5.3, கீழ் அழுத்தம் 6.0 புள்ளி இறங்கியிருந்தது. உப்பைக் குறைத்தவர்களுக்கு 2.6, 3.7, யோகாவுக்கு 2.0, 2.6, எதுவும் செய்யாதவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. 2009இல் வெளியான இந்த முடிவை நான் இரண்டு காரணங்களுக்காக மதிக்கிறேன். முதலாவது, வெள்ளைக்காரர் உடம்புக்குச் சொன்னது நம் உடம்புக்குப் பொருந்துமா என்ற சந்தேகத்துக்கு இடம் வைக்காமல், சோறும் குழம்பும் கருவாடும் சாப்பிடுகிற ஊரில் செய்தது. இரண்டாவது, இருபது வயதிலேயே அழுத்தம் ஏறுகிறது என்பதை மறைக்காமல் காட்டியது. அதே சமயம் இதற்கு மேல் அதன்மீது ஏற்றிச் சொல்லக்கூடாது. அவர்கள் அளந்தது ரத்த அழுத்தத்தை மட்டும், வாயுவை அல்ல. நடந்தவர்களின் அழுத்தம் இறங்கியதில் நரம்பின் பங்கு, சிறுநீரகத்தின் பங்கு, எடையின் பங்கு எல்லாம் இருக்கக்கூடும். நைட்ரிக் ஆக்சைடுக்கும் பங்குண்டு என்பது லைப்சிக்கையும் லிவர்பூலையும் குருசுக்குப்பத்தோடு சேர்த்துப் படிக்கும்போது நாம் எடுக்கும் முடிவு. இந்த நொதியை உண்டாக்கும் மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடுகிறது என்று 1995லேயே தெரிந்திருப்பது அந்த முடிவுக்கு வலுச் சேர்க்கிறது.

இனி வயலுக்கு வரலாம். உழைப்பே உடற்பயிற்சி என்ற வாதத்துக்கு எதிராக டென்மார்க்கிலிருந்து ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு, ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைவு என்றும், வேலையிடத்தில் கடுமையாக உழைப்பவர்களுக்கு மாறாக அதிகம் என்றும் 2021இல் சொன்னது. இதை அப்படியே கொண்டுவந்து நம் விவசாயியின் தலையில் வைப்பது நியாயமல்ல. இந்தியா உட்பட 17 நாடுகளில் 1,30,000 பேரை வைத்துச் செய்த ப்யூர் ஆய்வு, பொழுதுபோக்காக நடந்தாலும் சரி, வேலையாக, வீட்டுக் காரியமாக, போக்குவரத்தாக நடந்தாலும் சரி, பலன் உண்டு என்று 2017இல் கண்டது. முரண்போலத் தெரிகிற இவற்றை இணைக்கும் கண்ணி, உழைப்பின் வகை என்றே எனக்குப் படுகிறது. கால் தசைகள் தாளம்போட்டது போல இறுகி இளகி, இறுகி இளகி, ரத்தத்தைத் தொடர்ந்து இழுத்து விடுகிற உழைப்பு ஒரு வகை: நடை, சைக்கிள், நீச்சல், அந்தக் காலத்து ஏற்றம். பிடித்த பிடியில் நிற்பது, மூட்டையைத் தூக்கி மூச்சைப் பிடிப்பது, குந்தி உட்கார்ந்து களையெடுப்பது இன்னொரு வகை. இதில் தசை இறுகியே கிடக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, ஓட்டம் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆட்களைப் படுக்கவைத்து, ஒரு காலை மடக்கியும் மறு காலை நீட்டியும் மூன்று மணி நேரம் வைத்திருந்து பார்த்ததில், மடக்கிய காலின் குழாய்க்கு மட்டும் விரியும் திறன் குறைந்திருந்தது. களையெடுக்கிற பெண் அப்படி அசையாமல் கிடப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் மடங்கிய முழங்காலின் பின்னால் ஓடும் குழாய்க்கு என்ன நேர்கிறது என்பதை இது காட்டுகிறது. எனவே வயல் வேலை கெடுதல் என்று யாரும் முடிவுகட்டத் தேவையில்லை. வயல் வேலையில் இயந்திரம் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் நடையை, நமக்கு விட்டுவைத்தது பெரும்பாலும் குனிவையும் குந்தலையும். அறுப்பு இயந்திரம் வந்ததைக் குறை சொல்ல நான் வரவில்லை, அது இடுப்பொடிந்த பலருக்கு விடுதலை. கூடவே அது எதை எடுத்துக்கொண்டு போனது என்பதை மட்டும் கணக்கில் வைக்கவேண்டும்.

இங்கே உடலியல் படித்தவர் ஒருவர் குறுக்கிடலாம்: நைட்ரிக் ஆக்சைடுக்கு இவ்வளவு மகுடம் எதற்கு? அந்த நொதியை மருந்தால் முடக்கிவிட்டு ஒருவரை உடற்பயிற்சி செய்யவைத்தாலும் தசைக்குப் போகும் ரத்தம் பெரிதாகக் குறைவதில்லை. உடம்பு ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியைத் திறந்துகொள்கிறது. தவிர, இளைஞர்களிடம் பயிற்சி தொடங்கிய இரண்டாம் வாரத்தில் கூடிய விரியும் திறன், எட்டாம் வாரத்தில் பழைய அளவுக்கே இறங்கிவிட்டதையும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆட்சேபம் சரியானது, ஆனால் அதற்குள்ளேயே பதிலும் இருக்கிறது. எட்டாம் வாரத்தில் அந்தக் குழாய்கள் முன்பைவிட அகலமாகியிருந்தன. வெள்ளம் அடிக்கடி வருகிற வாய்க்காலை ஆள் போட்டு அகலப்படுத்துவதுபோல, உடம்பு குழாயையே திருத்திக் கட்டிவிட்டது. அகலமானதும் உரசல் தணிகிறது, அவசரச் சேதிக்கு வேலை குறைகிறது. அந்தத் திருத்த வேலையைத் தொடங்கிவைக்கும் மேஸ்திரியாக இந்த வாயுவைக் கருதலாம். கொழுப்பு, சர்க்கரை, அழுத்தம், எடை எல்லாவற்றையும் கூட்டினாலும் உடற்பயிற்சியால் இதய நோய் குறைவதில் ஏறக்குறைய 40 சதவீதத்துக்குக் கணக்கு உதைக்கிறது என்பது, 27,000 பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்விலிருந்து 2007இல் தெரியவந்தது. அந்த விடுபட்ட பங்கில் பெரும்பகுதியைக் குழாய்ச் சுவரில் தேடவேண்டும் என்று வாதிடுபவர்கள் பக்கம்தான் நான் நிற்பேன்.

வாயுதான் மருந்து என்றால் அதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றுவது இயல்பு, அதற்கென்றே டப்பா டப்பாவாக ஆர்ஜினின் தூள் விற்கிறது. 2006இல் அமெரிக்காவில், மாரடைப்பு வந்த 153 பேரில் ஒரு பாதிக்கு ஆர்ஜினினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். குழாய் தளரவில்லை. ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவரும் இல்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். மூலப்பொருள் குறைவதால் மட்டும் நொதி தடுமாறுவதில்லை. சர்க்கரை நோய், புகை, அழற்சி ஆகியவற்றில் அது தடம்புரண்டு, நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாக அதையே அழிக்கும் சூப்பர்ஆக்சைடைத் தயாரிக்கத் தொடங்குகிறது. அப்படிக் கெட்ட உலையில் கூடுதலாக விறகு போட்டு என்ன பயன்? பீட்ரூட்டும் கீரையும் வேறு கதை. இவற்றில் உள்ள நைட்ரேட்டை நாக்கில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்ற, உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது. லண்டனில் உயர் அழுத்தம் உள்ள 64 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தினம் 250 மில்லி பீட்ரூட் சாறு நான்கு வாரம் குடித்தவர்களுக்கு மேல் அழுத்தம் 7.7 புள்ளி இறங்கியது. சர்க்கரைக்காரர் சாற்றுக்குப் பதில் முளைக்கீரையைக் கடைந்து சாப்பிடலாம், வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல். கிருமிநாசினி வாய்க்கொப்பளிப்பான் போட்டு அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிட்டால், உடற்பயிற்சிக்குப் பின் இயல்பாக இறங்கும் ரத்த அழுத்தம்கூடச் சரியாக இறங்குவதில்லை என்று 2019இல் கண்டார்கள். நாக்கில் கிருமி வாழ்வதும் ஒரு புண்ணியம்தான்.

நெஞ்சு வலியோ, மூச்சிரைப்போ, காலில் ஆறாத புண்ணோ இருப்பவர் எடுத்த எடுப்பில் வேக நடையில் இறங்கக்கூடாது. வில்லியனூருக்குப் பக்கத்து ராமநாதபுரத்தில் ஜிப்மரின் ஊரக மையம் இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன, அங்கே காட்டிவிட்டுத் தொடங்குவது முறை. மற்றபடி இடம் இல்லை என்ற குறையைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். விழுப்புரம் சாலையிலும் கடலூர் சாலையிலும் விடிவதற்கு முன் லாரிக்கு ஒதுங்கி நடப்பது ஒரு பெண்ணுக்கு நடைமுறையில் நடக்கிற காரியமில்லை. பாகூர் ஏரிக்கரையில் விளக்கு போட்டால், வில்லியனூர்த் தேரோடும் வீதியில் காலையில் ஒரு மணி நேரம் வண்டியை மறித்தால், அது சுகாதாரத் துறைச் செலவாகவே கணக்கில் ஏறவேண்டும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாரடைப்பிலிருந்து மீண்ட 209 பேரை வைத்துச் செய்த ஆய்வில், நான்கு வாரம் பயிற்சி செய்தவர்களின் கைக்குழாயின் விரியும் திறன் சுமார் 4 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் வரை ஏறியது. பிறகு ஒரு மாதம் எதுவும் செய்யாமல் விட்டார்கள். மொத்தமும் தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருந்தது. மார்கழியில் விடிகாலை எழுந்து கோயிலுக்கு நடந்துவிட்டு, பொங்கல் முடிந்ததும் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறவரின் குழாய்க்கு, மாசி பிறக்கும்போது மார்கழி நினைவிருக்காது.